பாடியருகே ஈரத் தார்

கிண்டியிலிருந்து ஜல்லி லாரியில் வந்து இறங்குகிறேன். புதிய நூறடி சாலையால் சென்ட்ரல் பக்கம் சுற்ற வேண்டியிருக்கவில்லை. மகள் மறந்து வைத்துப்போன வேலை உத்தரவு என் சட்டைப்பையில் இருக்கிறது. பத்து மணிக்குள் கொடுக்காவிட்டால் அம்பத்தூர் தொழிற்சாலை வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் அம்பத்தூர் பஸ் கிளம்பப் பார்க்கிறது. நடுவே புதுத் தார் புகைகிறது. கத்திக் கூப்பிட எனக்குக் கூச்சம்.

காலில் சாக்கு சுற்றிய தார் வேலைக்காரப் பெண், "இன்னா நைனா, பஸ்ஸையே பாத்துகினு கீறே?" என்கிறாள்.

சொல்கிறேன்.

"கூப்புட வேண்டிதானே? வாயில தாரா ஊத்திகினே?"

ஈரச் சாக்குகளைத் தார்மீது விரித்துக்கொண்டே, "யோவ் கண்டக்டரு! ஆள் வருது, நிறுத்துய்யா!" என்று கத்துகிறாள்.

பஸ் நிற்கிறது. சாக்குகளின் மேல் ஓடிப்போய் ஏறுகிறேன். திரும்பிக் கும்பிடுகிறேன். அவள் பார்க்கவில்லை. குனிந்து, சாக்குகளை எடுத்துவிட்டு, நான் பதித்த தடங்களை மட்டமாக்கிக்கொண்டிருக்கிறாள்.