செம்மண் இறக்கத்தில் மூன்று தடவை கூப்பிட்ட குரல்

பேய்க்கதை சொல்ல வருகிறவர்கள் எல்லோருமே எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்றுதான் ஆரம்பிப்பார்கள், அது எனக்கும் தெரியும். நானும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் யாராவது முனியைப் பார்த்தேன், மோகினியைப் பார்த்தேன் என்று வாயைத் திறந்தால், "அப்புறம், சாப்பிட்டுட்டுப் போச்சா?" என்று கேட்கிற ஆள் நான். அம்பாங்கானில் வீட்டோடு மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் சொல்லாத கதை இல்லை. ஒருத்தி ஒருநாள் சொன்னாள், "மேரிக்கா, ஒங்ககிட்ட கதை சொன்னா பேய்க்கே வெக்கமாப் போயிரும்." அந்தப் பேச்சு பிடித்துப்போய் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

என் வீட்டுக்காரர் சேவியருக்கு இனிப்பு நீர் வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் சைக்கிள் வாங்கிவிட்டார். அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை, கிராவல் சைக்கிளாம், டயர் கொஞ்சம் அகலம், தார் ரோட்டிலும் ஓடும், கல்லு ரோட்டிலும் ஓடும். ஆறு மாதம் கழித்து எனக்கும் ஒன்று பழையதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். ஐம்பதை நெருங்குகிற பொம்பளைக்கு இது தேவையா என்று என் தங்கை பிலோமினா கேட்டாள். தேவைதான் போலிருக்கிறது. சனிக்கிழமை காலையில் காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு ரெம்பாவ் பக்கமோ தம்பின் பக்கமோ போய், செம்பனைக்குள்ளும் ரப்பருக்குள்ளும் தோட்டத்து லாரி போகிற செம்மண் பாதைகளில் ஏறி இறங்கி, மத்தியானம் வெளியே வந்து ஒரு மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வருவோம். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவரோடு நான் அதிகம் சிரித்தது அந்தப் பாதைகளில்தான்.

அந்தச் சனிக்கிழமை ரெம்பாவுக்கு உள்ளே தள்ளி, புதுப் பாதை ஒன்று பார்த்து வைத்திருந்தார். பழைய ரப்பர் மரங்கள், பக்கத்திலேயே காட்டை ஒட்டிய குன்று. ஏற்றம் ஏறி உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கினால் தோட்டத்து இரும்புக் கேட். முதல் நாள் இரவு நல்ல மழை. காலையிலும் தூறல் விட்டுவிட்டு வந்தது. பாதையோரக் கால்வாயில் குன்றுத் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

உச்சியில் நின்று தண்ணீர் குடித்தோம். அவர் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பசியாறினீங்களா என்று கேட்டேன், ஆச்சு ஆச்சு என்றார். பிறகுதான் தெரிந்தது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் கோப்பியோடு வந்திருக்கிறார்.

"நீ முன்னாடி போ லா," என்றார். "பிரேக்க அமுக்கி அமுக்கி நீ எறங்கறதுக்குள்ள எனக்குப் பொழுது போயிரும்."

"அப்ப பின்னாடியே வாங்க. கேட்டுக்குப் போயி நான் தூங்கி எழும்புறேன்."

அவர் சிரித்தது கேட்டது. அதோடு நான் இறங்கிவிட்டேன்.

முதல் கிலோமீட்டர் முழுக்கக் கைப்பிடியில்தான் கவனம். சின்னக் கல், உருட்டி விட்டுவிடும். இரண்டு வளைவு தாண்டி, கொஞ்சம் சமதரையாக வந்த இடத்தில்தான் கூப்பிட்டார்.

"ஏ மேரி."

இவர் குரலேதான். கத்தவில்லை. அடுப்படியில் இருக்கும்போது முன்னறையிலிருந்து கூப்பிடுவாரே, அந்த மாதிரி, இரண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்ட மாதிரி. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஏன் மூடினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு, மரத்துக்குள் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரு தடவைக்குத் திரும்பாதே, பதில் கொடுக்காதே, மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுஷன்தான், அப்புறம் என்னான்னு கேளு. மற்றது மூன்று தடவை கூப்பிடாதாம். நான் நம்பாதவள்தான். ஆனாலும் என் கழுத்து திரும்பவில்லை, நாக்கு அசையவில்லை. வேணும்னா மறுபடி கூப்பிடட்டும் என்று மிதித்துக்கொண்டே போனேன். நம்பாதவள் ஏன் திரும்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதையே நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓடைக்கு மேல் பலகைப் பாலத்தில் இரண்டாவது தடவை. "ஏ மேரி." அதே குரல், அதே தூரம். நான் வந்த வேகத்துக்குக் குரல் பின்தங்கியிருக்க வேண்டுமா இல்லையா. அப்போது அது உறைக்கவில்லை. விளையாடுகிறார் மனுஷர் என்றே நினைத்தேன்.

கேட்டில் வந்து காலை ஊன்றினேன். மூன்றாவது தடவை. "ஏ மேரி."

"என்னாங்க?" என்று திரும்பினேன்.

பாதை காலியாக இருந்தது. நம்பினால் நம்புங்கள், அவ்வளவு தூரம் வரைக்கும் ஒரு சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை, ஈரச் செம்மண்ணில் என் டயர் தடம் ஒன்றுதான் கோடாகக் கிடந்தது. பயம் வரவில்லை. அவர் வரவில்லை, அவ்வளவுதான் மனதில் நின்றது.

ஏற்றத்தில் மிதிக்க முடியாமல் பாதி தூரம் தள்ளிக்கொண்டே ஓடினேன். மாதாவே மாதாவே என்று சொன்னேனோ, அவர் பேரைத்தான் சொன்னேனோ, ஞாபகமில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, முதல் வளைவிலேயே கிடந்தார். இடுப்புக்குக் கீழே கால்வாய்க்குள், தண்ணீர் அரித்துக்கொண்டு ஓடுகிறது, தலையும் நெஞ்சும் மட்டும் கரைப் புல்லில். கண் பாதி திறந்திருந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். எழுபத்தெட்டு கிலோ மனுஷரை எப்படி இழுத்தேன் என்று கேட்காதீர்கள். இழுத்தேன். என் போத்தலில் இருந்த ரோஸ் சிரப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டேன். விழுங்கினார். அழுதுகொண்டே, "முழுங்குங்க, இன்னும் கொஞ்சம், தோ ஆச்சு," என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன்.

நல்லவேளை, டுரியான் பழம் பார்க்க வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் பிக்கப்பில் அந்த வழியே வந்தார். "சாபார், காக்," பொறுங்கள் அக்கா என்று சொல்லிச் சொல்லியே அவரைத் தூக்கிப் படுக்க வைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, மயக்கத்தில் சறுக்கி விழுந்திருக்கிறார். வலது காறை எலும்பு முறிவு, இடது மணிக்கட்டு பிசகி வீங்கிக் கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியை நான் கேட்கவில்லை.

பிக்கப்பில் ஏற்றும்போது ஒன்றைப் பார்த்தேன், அப்போது மனதில் பதியவில்லை. அவர் சைக்கிள் ஒரு ரப்பர் மரத்தில் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தது. அதன் கைப்பிடியில் அவர் ஹெல்மெட் மாட்டியிருந்தது. இரண்டு கையும் விளங்காத மனுஷர் தாடைக்கடியில் வாரைக் கழற்றி மாட்டியிருக்க முடியுமா? பிலோமினாவிடம் சொன்னேன்.

"யாராச்சும் பால்மரம் வெட்ட வந்தவங்க பாத்துட்டு, ஆள் கூப்பிடப் போயிருப்பாங்க அக்கா. ஒனக்குக் கேட்டது பதட்டத்துல கேட்டது."

"பதட்டம் வர்றதுக்கு முன்னாடிதானடி கேட்டுச்சு."

"அப்ப மாமா கூப்பிட்டிருப்பாரு. மலைல சத்தம் எதிரொலிக்கும் லா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயந்திரம் அவரே வாயைத் திறக்கும் வரைக்கும்.

கட்டிலில் படுத்தபடி என் கையைப் பார்த்தார். "இப்ப சூடா இருக்கு. அங்க மட்டும் ஏன் மேரி அவ்ளோ ஜில்லுன்னு இருந்துச்சு?"

"எங்க?"

"கால்வாய்க்கிட்டதான். தலைய மடியில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தியே."

"நான் வந்து எவ்ளோ நேரம் ஒக்காந்தேன்? ஒடனே வண்டி வந்துருச்சே."

"விழுந்ததுலேர்ந்து நீதானே இருந்த. பேசிக்கிட்டே இருந்த, என்னமோ."

அவர் கால்வரைக்கும் போர்வையை இழுத்து விட்டேன். பிறகு கேட்டேன், "நீங்க என்னையக் கூப்பிட்டீங்களா?"

"எதுக்குக் கூப்பிடணும்?" என்றார். "பக்கத்துலதானே இருந்த."

மனுஷர் பிழைத்துவிட்டார், அந்த மடி யாருடையதாக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். மடி கொடுத்தவர்மேல் எனக்குக் கோபமோ பயமோ வரவே இல்லை. ஈர மண்ணில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் தலையைத் தாங்கியதும் போதாது என்று, பெண்டாட்டி எதற்குத் திரும்புவாள் எதற்குத் திரும்பமாட்டாள் என்று தெரிந்துவைத்து மூன்று தடவையும் கூப்பிட்டிருக்கிறார் பாருங்கள். எங்கள் தோட்டத்துச் சனத்தில் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு மாதம் போயிற்று. கைக்கட்டு எடுத்தாகிவிட்டது. ஒரு மத்தியானம் நான் மெஷினில் இருக்கிறேன், அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை உரிக்கிறார்.

"மேரி, பெரட்டுன்னா என்னா?"

மெஷினை நிறுத்தினேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த மனுஷர், தோட்டத்தில் ஒரு ராத்திரி படுத்தது கிடையாது. நானும் அந்தச் சொல்லைச் சொல்லி முப்பது வருடம் இருக்கும். "யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"நீதான். அன்னிக்கு விழுந்து கெடந்தப்ப நான் எழும்பப் பாத்தேன். நீ தோள்ல கைய வெச்சி அமுக்கி, 'படுத்துக்கய்யா, இன்னிக்குப் பெரட்டுல ஒன் பேரு இல்ல'ன்னு சொன்ன. என்னாடா இவ நம்மள அய்யாங்கறாளேன்னு அப்பவே நெனச்சேன்."

பெரட்டு என்றால், விடியுமுன் இருட்டோடு தோட்டத்துச் சனம் எல்லாம் களத்தில் வந்து வரிசையாக நிற்கும், கணக்கு எழுதுகிற கிராணி ஒவ்வொரு பேராக வாசிப்பார், பேர் வந்தவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். பேர் இல்லாதவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். "வேலைக்கு ஆள் எடுக்குறது," என்று மட்டும் அவரிடம் சொன்னேன். "பேரு இல்லேன்னா அன்னிக்கு லீவு."

"நல்ல மனசு லா," என்று சிரித்துவிட்டுக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த 'இன்னிக்கு' என்கிற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுபடியும் சைக்கிளில் போகிறோம். இப்போது அவர் முன்னால், நான் பின்னால், என் கண் எட்டுகிற தூரத்தில். அதில் ஒன்றும் கஷ்டமில்லை. கஷ்டம் விடியற்காலையில்தான். அலாரம் வைக்காமலே ஐந்தரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வெளியே இன்னும் இருட்டாக இருக்கும், அவர் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். நான் அசையாமல் அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேராக யாரோ வாசித்து முடிக்கிறவரைக்கும் காத்திருக்கிற மாதிரி, ஆறு மணி வரைக்கும் படுத்திருப்பேன். சில நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டே, "தூக்கம் வரலியா?" என்று கேட்பார்.

"ரவிக்கை கெடக்குதுங்க, ஆறு தைக்கணும்," என்று சொல்லிவிட்டு, எழுந்து கோப்பி கலக்கப் போவேன்.