முதுகு வலிக்கு விலா வழியாக ஆபரேஷன்: வீரபாண்டியிலிருந்து கோவைக்கு ஒரு பயணம்

அக்கா வீட்டுக்காரர் அன்வர் மச்சானைச் சென்ற மாதம் கோவைக்குக் கூட்டிப் போனேன். டாக்டரைப் பார்த்துவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்புவதுதான் திட்டம்.

மச்சான் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒருநாள் துணி தீர்ந்த பிறகும் அவர் மெஷின் நிற்கவில்லை. "ஏனுங்க பாய், காத்தையா தைக்கிறீங்க?" என்று பக்கத்து மெஷின்காரர் கேட்க, தையல் லைனே சிரித்தது. நான் அதே கம்பெனியில் மெஷின் சர்வீஸ் இன்ஜினியர். பெடல்தான் பழுது என்று கழற்றிப் பார்த்தேன். பெடலில் ஒரு குறையும் இல்லை. அதன்மேல் தன் கால் இருந்ததே மச்சானுக்குத் தெரிந்திருக்கவில்லை. முதுகு வலி அவருக்கு முன்பே இருந்தது; இனித் தள்ளிப்போடக் கூடாது என்று கோவையில் டாக்டரிடம் நேரம் வாங்கினேன்.

பல்லடம், சூலூர் வழியாகச் சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வாடகைக் கார் 2,400 ரூபாய்.

"முதுகுப் புடிப்புங்களா?" என்றார் டிரைவர். "எங்க பக்கம் ஒருத்தரு எண்ணெய் போட்டு ஒரே இழுப்புங்க. ஆளு எந்திரிச்சு ஓடிருவாருங்க."

"அண்ணா, ரோட்டைப் பாருங்க."

"விடு மாப்ள, நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்றார் மச்சான்.

கையில் இருந்தது இடுப்பு ஸ்கேன். எங்கள் ஊரில் உட்கார்ந்து தைக்கிறவருக்கு வலி என்றாலே இடுப்பைத்தான் எடுப்பார்கள். கோவை டாக்டரம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு மச்சானின் உள்ளங்காலைச் சாவியால் கீறினார். கீழே மடங்க வேண்டிய கட்டைவிரல் மேலே எழுந்தது.

"கோளாறு இடுப்புல இல்லீங்க. மேல."

உடனே புது ஸ்கேன். நெஞ்சுக்கு நேரே முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி, கல்லாக இறுகி, தண்டுவடத்தை முன்னாலிருந்து நசுக்கிக்கொண்டிருந்தது. தள்ளிப்போடக் கூடாது, இன்றே சேருங்கள் என்றார். விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, ஒரு பக்க நுரையீரலைக் கொஞ்ச நேரம் சுருக்கி வைத்து, பக்கவாட்டில் போய் எடுக்க வேண்டுமாம்.

"முதுகு வலிக்கு நெஞ்சைத் தொறக்கறதா?" மச்சானின் முகம் வெளுத்தது.

நான் பொறுக்காமல் கேட்டேன்: "பின்பக்கமே திறந்தா என்ன? அதுதானே கிட்ட?"

"கிட்டதாங்க. ஆனா குறுக்க தண்டுவடம் இருக்குது. இடுப்புல நரம்பைக் கொஞ்சம் ஒதுக்கலாங்க. இங்க ஒதுக்குனா காலு போயிரும். டிஸ்க் மெத்துனு, ஓரமா இருந்தா பின்னால சாய்வா போயிருக்கலாம். இது நட்டநடுவுல, கல்லு."

"காலு வருமாங்க?" என்றார் மச்சான்.

"இருக்கறதைக் காப்பாத்தறதுதான் முதல் வேலைங்க. போனது எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் படித்தவனாம். "பண்ணிக்கலாம் மச்சான்" என்றேன். கையெழுத்துப் போடும் தாளை நான்தான் வாங்கி அவரிடம் நீட்டினேன்.

இதே பிரச்சினையோடு போகிறவர்களுக்கு: கால் மரத்தாலோ, நடை விறைத்தாலோ, சிறுநீர் அடங்காவிட்டாலோ இடுப்பு ஸ்கேனோடு நிற்காதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். யாரையும் எண்ணெய் போட்டு இழுத்துவிட விடாதீர்கள். எந்தப் பக்கமாகத் திறக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். ஒரு நாள் பயணம்தானே என்று என்னைப்போல் மாற்றுச் சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் ஐசியூவில் மச்சான் கண்மூடிக் கிடந்தார், விலாவில் ஒரு குழாய். கால் தெரிகிறதா என்று கேட்கப் பயந்து, போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டேன்.

"கையை எடு மாப்ள" என்றார், கண்ணைத் திறக்காமல். "ஐஸ் மாதிரி இருக்குது."