மூடியைத் திறந்தால் அடங்கும் விசில்

கல்லடிப் பாலம் தாண்டி, ஒரு லொறிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்து நின்றபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். மெல்லிய, விடாத விசில். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் நின்றவர் முதலில் தன் வண்டியைக் குனிந்து பார்த்தார், பிறகு என் காரைப் பார்த்தார். லொறி நகர்ந்ததும் நானும் நகர்ந்தேன். வேகம் எடுத்ததும் சத்தம் போய்விட்டது. வைத்தியசாலை வாசலில் நிறுத்தியபோது திரும்ப வந்தது. காவலாளி சிரித்துக்கொண்டே, "மிஸ்ஸி, கார் பாட்டுப் படிக்குது போல" என்றார்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக, ஊர் வாயில் மிஸ்ஸியாக, இருபத்திரண்டு வருடம் வேலை செய்திருந்தேன். கார் என்னிடம் வந்து இரண்டு வருடம். அது ஐரோப்பாவில் செய்த பழைய கார். வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு டொக்டரிடம் வாங்கினேன். அண்ணன் அப்போதே வேண்டாம் என்றார். வாகனம் என்றால் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். "ஜப்பான் கார் எடு. பாட்ஸ் எல்லா இடத்திலயும் கிடைக்கும்" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குப் பிடித்தது இந்தக் கார்தான். பிடித்திருந்தது என்பதற்கு மேல் ஒரு காரணமும் என்னிடம் இருக்கவில்லை. அது போதாதா என்று இன்றைக்கும் கேட்பேன்.

என் கணவருக்கு கிரானில் வயல். வேளாண்மைக் காலத்தில் அங்கேயே தங்கிவிடுவார். நான் கல்லடியில் இருந்து வேலைக்குப் போய், லீவு நாட்களில் கிரானுக்குப் போய் வருவேன். இரண்டு பஸ் மாறிப் போன காலம் போதும் என்றுதான் நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகினேன். பழக்கியவர் நான் விட்ட பிழைகளை என்னிடம் சொல்லமாட்டார். பின் சீட்டில் இருந்த கணவரிடம் சொல்வார். மூன்றாம் நாள் கணவரை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். வேறு வழியில்லாமல் அந்த மனிதர் என்னோடு பேசத் தொடங்கினார்.

விசிலோடு ஒரு கிழமை ஓடிப் பார்த்துவிட்டு, நகரத்தில் பெரிய கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். முதலாளி அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். அல்டனேட்டர் பெயாரிங் என்றார். மாற்றினார்கள். விசில் போகவில்லை. அடுத்த கிழமை பெல்ட் என்றார். அதையும் மாற்றினார்கள். விசில் அப்படியே இருந்தது. அதோடு, சிக்னலில் நிற்கும்போது கார் உடம்பு நடுங்குவது போல நடுங்கவும் தொடங்கியிருந்தது. மூன்றாம் தரம் போனபோது அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை.

"மிஸ்ஸி, இது எஞ்சினுக்குப் பின்பக்க சீல். கியர்பொக்ஸ் இறக்கவேணும். இறக்கினாலும் நிச்சயம் சொல்ல ஏலா. இந்த எஞ்சின் முடிஞ்சிது."

"நீங்க இன்னும் திறந்தே பாக்கல்லயே. முடிஞ்சிது எண்டு எப்பிடிச் சொல்றீங்க?"

"வீட்டுக்காரரக் கூட்டிக்கொண்டு வாங்க. அவருக்கு விளங்கப்படுத்திறன்."

"அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. எனக்குச் சொல்லுங்க."

அவர் அங்கே நின்ற இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்தார். "பொம்புளைகளுக்கு எஞ்சின் சத்தமெல்லாம் ஒரே மாதிரித்தானே கேக்கும்" என்றார்.

நான் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வேலையே சத்தம் கேட்பதுதான். மயக்கத்தில் கிடக்கும் ஒருவரைச் சுற்றி நாலைந்து மெசின்கள் ஓடும். எதன் சத்தம் மாறினாலும் திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அந்தக் காதை வைத்துக்கொண்டு மூன்று கிழமையாக இன்னொருவரின் காதை நம்பி அலைந்தேனே என்று என்மேலேயே கோபம் வந்தது.

நான் வீடு போய்ச் சேர முன்னரே கராஜ் முதலாளி அண்ணனுக்குப் போன் செய்திருந்தார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"வித்திரு. வாங்குறதுக்கு ஆள் இரிக்கு" என்றார் அண்ணன்.

"நான் விக்கல்லண்ணே."

"பிடிவாதம் பிடிக்காத. உனக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சு கொள்ளுறன்" என்று போனை வைத்தேன்.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா லீவு நாளில், காலைச் சாப்பாடு முடித்துவிட்டு முற்றத்தில் பொனட்டைத் திறந்தேன். என்னிடம் பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்று இருந்தது. அதன் வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டு, வெறும் குழாய் முனையோடு எஞ்சினைச் சுற்றிக் கேட்டேன். அல்டனேட்டர் பக்கம் ஒன்றும் இல்லை. எஞ்சினின் மேல் மூடியில் உள்ளங்கை அளவு வட்டமான பிளாஸ்டிக் பகுதி ஒன்று இருந்தது. அங்கே வைத்ததும் விசில் காதைத் துளைத்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே, ஒயில் ஊற்றும் மூடியைத் திறக்கப் பார்த்தேன். வரவில்லை. யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. இரண்டு கையாலும் பலமாக இழுத்தேன். மூடி கழன்ற அந்தக் கணமே விசில் நின்றது. எஞ்சின் ஒருமுறை தடுமாறியது. மூடியை வைத்தேன், விசில் வந்தது. பிறகு ஒயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். மறுபடியும் நின்றது. இதையே நாலைந்து தரம் செய்தேன். பக்கத்து வீட்டு ஆள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன்.

எங்கள் ஒப்பரேஷன் தியேட்டரில் இரத்தத்தையும் நீரையும் உறிஞ்சி எடுக்கும் மெசின் ஒன்று இருக்கிறது. அதன் போத்தல் மூடி சரியாக இறுகாவிட்டால் இதே விசில்தான் கேட்கும். உறிஞ்சும் விசை ஒரு சின்ன இடுக்கால் காற்றை இழுக்கும் சத்தம் அது. அப்படியென்றால் என் எஞ்சினுக்குள்ளும் ஏதோ அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது.

அன்று பகல் முழுக்கப் போனில் தேடித் தேடி வாசித்தேன். எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் புகையும் ஆவியும் பிஸ்டனைத் தாண்டி அடிப்பகுதிக்குக் கசியுமாம். அதை வெளியே விடாமல், எஞ்சின் ஒரு குழாயால் திரும்ப உறிஞ்சி எரித்துவிடும். எவ்வளவு உறிஞ்சுவது என்று கட்டுப்படுத்த ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அது கிழிந்தால் கட்டுப்பாடு போய்விடும். அடிப்பகுதி முழுவதும் வெற்றிடமாகி, கிடைத்த துவாரத்தாலெல்லாம் காற்றை இழுக்கும். ஒயில் கசியாமல் அடைக்கும் பின்பக்க சீலும் அந்த இழுவையில்தான் கெட்டுப்போகும். கராஜ்காரர் சொன்ன சீல், நோயின் கடைசியில் வரும் ஒரு குறி. நோய் வேறு இடத்தில் இருந்தது.

வட்டப் பகுதியின் மூடியை மெதுவாக நெம்பி எடுத்தேன். உள்ளே இருந்த சவ்வு ஓரத்தில் பிறைபோலக் கிழிந்திருந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஏலாது. தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன்.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். பார்மஸியில் வாங்கி வைத்திருந்த ரப்பர் கையுறையை வட்டமாக வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். விசில் நின்றுவிட்டது. இரண்டு நாள் ராணி மாதிரி வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் விசில் வந்தது. திறந்து பார்த்தால், கையுறைத் துண்டு ஒயிலில் ஊறி ஊதிப்போய்க் கிடந்தது. அந்த ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்பது கையுறை போட்டே வாழும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கணவரிடம் போனில் சொன்னேன். "நம்மட உழவு மெசின் திருத்துற ஏறாவூர் நானாட்டக் கேட்டுப் பாரு. அவர் ஆரையும் குறைச்சுப் பேசாத ஆள்" என்றார்.

அந்த நானாவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். முஸ்லிம் ஆட்களை நாங்கள் அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்போம். ஏறாவூரில் தன் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் உழவு மெசினும் வள்ளத்து எஞ்சினும் திருத்துவார். நான் சொல்லச் சொல்ல, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கார் என்ட வேல இல்ல மிஸ்ஸி" என்றார்.

"காருக்கு என்ன வருத்தமெண்டு நான் கண்டுபிடிச்சிட்டன் நானா. எனக்குப் பாட்ஸ்தான் வேணும்."

கிழிந்த சவ்வை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் காரிடம் வந்து, மூடியைத் தானும் இழுத்துப் பார்த்தார். "ஓம், சரிதான்" என்றார். அந்த இரண்டு சொல்லைக் கேட்க நான் ஒரு மாதம் அலைந்திருந்தேன். அவர் கொழும்பில் வாகனப் பாட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றுக்குப் போன் எடுத்தார். ஐந்தாம் நாள் புதிய சவ்வு பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் முற்றத்திலேயே, அவர் பக்கத்தில் நிற்க, நான்தான் அதைப் பொருத்தினேன். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். நடுக்கம் போய்விட்டது. ஆனால் விசில் இருந்தது. சிறியதாக, கொசு போல. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கூட ஒருவர். கார் வாங்கப் போகிறவராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டி வந்திருந்தார். வந்தவர் காரைச் சுற்றி நடந்து, ரயரைக் காலால் தட்டினார்.

"பாத்தியா, இன்னும் கூவுது" என்றார் அண்ணன். "இவரு இந்த நிலையிலயே எடுக்கிறாராம். வேற ஆரும் எடுக்கமாட்டான். ஓம் எண்டு சொல்லு."

என் முகம் முழுக்க ஒயில். நானாவுக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் அண்ணன் என்னைப் பத்து வயதுப் பிள்ளை போல நடத்தியது நெஞ்சில் குத்தியது. அழுகை வந்தது. அழவில்லை.

"ஐயா, குறை நினைக்காதீங்க" என்று வந்தவரிடம் சொன்னேன். "கார் என்ட பேர்ல இரிக்கு. விக்கிறண்டு நான் ஆருக்கும் சொல்லல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"அண்ணன் ஒருத்தன் சொல்றன்..." என்று அண்ணன் தொடங்கினார்.

"நீங்க அண்ணன்தான். காருக்குச் சொந்தக்காரி நான்."

அண்ணன் தேநீருக்கு நிற்கவில்லை. கேற் அடித்துச் சாத்தப்பட்டது. வந்தவர் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போனார்.

நானா ஒன்றுமே நடக்காதது போல எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மிஸ்ஸி, இப்ப மூடியத் திறந்து பாருங்க" என்றார். திறந்தேன். மூடி இலகுவாக வந்தது. ஆனால் இந்தத் தரம் விசில் நிற்கவில்லை.

"அப்ப இது வேற ஓட்டை" என்றேன். "சவ்வுக்கு இங்கால இல்ல. அங்கால, உறிஞ்சிற குழாயில."

அந்தக் குழாய் எஞ்சினுக்குப் பின்னால் வளைந்து போகிறது. கண்ணும் எட்டாது, கையும் எட்டாது. புகை விட்டால் தெரியும் என்றார் நானா. பால்மாத் தகர ரின் ஒன்றில் இரண்டு துளை போட்டோம். சிரட்டைக் கரித் தணலை உள்ளே வைத்து, சுவாமி அறையில் இருந்த சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். ஒரு துளையில் காற்றடிக்கிற சைக்கிள் பம், மற்றதில் ஒரு குழாய். "பள்ளியில மௌலூது ஓதக்குள்ளயும் நாங்க இதுதான் போடுற" என்று நானா சிரித்தார். குழாயின் மேல்முனையைக் கழற்றி, புகைக் குழாயை அதில் சொருகினோம். அவர் மெதுவாகப் பம் அடித்தார். நான் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னால், குழாய் வளையும் இடத்தில், அடிப்பக்கமாக ஒரு வெள்ளை நூல் எழும்பியது.

"இந்தா இரிக்கு" என்றேன். முற்றமெல்லாம் சாம்பிராணி மணத்தது.

பழைய ரப்பர், சவ்வு மாற்றும்போது அசைந்ததில் வெடித்திருந்தது, விரல் வைத்தால் உதிர்ந்தது. நானா தன் பையில் இருந்து எண்ணெய் தாங்கும் தடித்த குழாய் ஒன்றை எடுத்து அளந்து வெட்டினார். அவர் கை பெரியது. அந்த இடுக்குக்குள் போகவில்லை. என் கை போனது. கிளிப்பை நான்தான் இறுக்கினேன். மணிக்கட்டெல்லாம் உரசிக் காயம்.

எஞ்சின் ஓடியது. விசில் இல்லை. காகங்கள் கத்துவது கேட்டது, பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே அந்தக் கராஜுக்குப் போனேன். எஞ்சினை நிறுத்தாமல் முதலாளிக்கு முன்னால் இறங்கினேன். அவர் கேட்டார், தலையைச் சரித்துத் திரும்பவும் கேட்டார்.

"எங்க செய்தீங்க?"

"வீட்டு முத்தத்தில."

"கொஞ்ச நாளைக்குத்தான் இப்பிடி இரிக்கும்."

கைப்பையில் இருந்து கிழிந்த சவ்வையும் வெடித்த குழாயையும் எடுத்து அவர் மேசையில் வைத்தேன். "முடிஞ்சது இது ரெண்டும்தான். எஞ்சின் இல்ல. அடுத்த தரம் இப்பிடி ஒரு கார் வந்தா, முதல்ல ஒயில் மூடியத் திறந்து பாருங்க" என்றேன். அன்று சிரிக்க அங்கே யாரும் இல்லை.

அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. நானும் எடுத்துப் பேசவில்லை. வெள்ளாமை வெட்டுக்கு, அதாவது அறுவடைக்கு, எல்லாரும் கிரானுக்குப் போகிற அன்று அவருடைய வான் வண்டி சேர்விஸுக்குப் போயிருந்தது. என் வீட்டுக்கு வந்து முன் சீட்டில் ஏறி இருந்தார். செங்கலடி சந்தியில் மாடுகள் குறுக்கே போக, நீண்ட நேரம் நிறுத்த வேண்டி வந்தது. அவர் காதைக் கூர்மையாக்குவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் வயல் வட்டைக்குப் போகும் மண் வழியில் இறங்கியபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஏசி நல்லாத்தான் வேல செய்யுது" என்றார்.

"எல்லாம் நல்லாத்தான் வேல செய்யுது" என்றேன் நான்.