அரைத் தலைக்கட்டு

ரோசம்மாளுக்கு ஊரில் ஆகாதவர்கள் யார் யார் என்று கேட்பதைவிட, ஆனவர்கள் யார் என்று கேட்டால் பதில் சட்டென்று முடிந்துவிடும். ஒருவரும் இல்லை. சவேரியார்பட்டியில் அவள் தோட்டத்துக்குள் ஆடு நுழைந்துவிட்டால் ஆட்டுக்காரன் ஆட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடுவான். மருந்தடிக்க வருகிற ஆள் வாயைத் திறக்காமல் அடித்துவிட்டுப் போவான். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், கீழ்த்தோட்டத்துப் பன்னீர் திராட்சைப் பந்தலை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் அவள் அண்ணன் அந்தப் பந்தலை என்றைக்கோ விழுங்கி ஏப்பம் விட்டிருப்பார்.

அண்ணன் பெயர் ஆண்டனி ராஜ். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் கமிட்டிக்குத் தலைவர். ஊரில் என்ன கமிட்டி போட்டாலும் அதற்கும் அவர்தான் தலைவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. அண்ணன் தங்கை இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. இருபத்து நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. சார் வாயில் தங்கச்சியின் பெயர் வராது. “அது மோட்டாரைப் போட்டிருச்சா பாரு” என்பார். அது என்றால் ரோசம்மாள் என்று வீட்டு நாய்க்கும் தெரியும்.

பேச்சு நின்ற கதை ஊருக்கே தெரிந்ததுதான், ஆனால் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அப்பா சாகும்போது கீழ்த்தோட்டத்தை மகள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். பக்கத்துத் தெரு இஞ்ஞாசிமுத்துவை அவளுக்குப் பேசி, நிச்சயம் முடிந்து, கோயிலில் மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஞாயிறு பூசையில் சாமியார் அறிவிப்பதுதான் ஓலை. மூன்று ஞாயிறும் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்டனி ராஜ், மூன்றாவது ஓலை முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். தங்கச்சிக்குக் கைகால் வெட்டி இழுப்பு வரும், மறைத்துக் கட்டிக்கொடுக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். ரோசம்மாளுக்கு அதற்கு முன்னும் இழுப்பு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இஞ்ஞாசிமுத்து இரண்டே மாதத்தில் அனிதா மேரியைக் கட்டிக்கொண்டான், அவனும் இப்போது உயிரோடு இல்லை. தோட்டம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. சாருடைய மனசாட்சிக்கும் அதற்குப் பிறகு வேலை எதுவும் இருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் மைக் இல்லாத கச்சேரி வந்தது. கொண்டுவந்தவன் ஆல்பர்ட். உள்ளூர்க்காரன், பழனிசெட்டிபட்டியில் வீடெடுத்து வயலின் சொல்லிக் கொடுக்கிறவன். வீரபாண்டித் திருவிழாவோ சவேரியார் திருவிழாவோ, குழாயைக் கட்டிக் காதைக் கிழித்தால்தான் விசேஷம் என்று இருக்கிற பள்ளத்தாக்கு இது. நாலே பேர், ஒரு சின்ன அறை, ஒயர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது என்று அவன் சொன்னபோது கமிட்டியில் பாதிப் பேர் கரண்ட் பில் கட்டவில்லையோ என்றுதான் நினைத்தார்கள். மார்கழியில் பழைய கன்னியர் பள்ளிக்கூட ஹாலில் ஒரு மாதிரிக் கச்சேரி நடத்திக் காட்டினான்.

ரோசம்மாள் அன்றைக்குப் பாட்டுக் கேட்கப் போகவில்லை. வாசித்தவர்களை ஏற்றி வந்த வேன் அவளுடைய வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றுவிட்டது. டிரைவரை ஏசிவிட்டு, கூட்டிவந்தவனையும் ஏசலாம் என்று புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனவள், ஹால் வாசலில் நின்றாள். உள்ளே நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரிடம் வயலின். கோட்டயத்துப் பெண் ஒருத்தி ஆளுயர வயலின் ஒன்றை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தாள். ஒருவர் வில்லை இழுத்து வயலினில் ஏதோ சொன்னார், இன்னொருவர் தன் வயலினில் அதற்குப் பதில் சொன்னார். அந்தப் பெண் இல்லை என்று மறுத்தாள். மற்றவர்கள் அவள் முடிக்கிறவரை காத்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மனுஷர்கள் இப்படியும் பேசிக்கொள்வார்களா என்று ரோசம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முடிகிறவரை நின்றாள். திரும்பி வரும்போது டிரைவர் பயந்துகொண்டே வேனை எடுத்தான், அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

தை முதல் ஆனி வரை மாதம் ஒரு கச்சேரி, ஒரே தடவை சந்தா கட்டினால் ஆறு கச்சேரிக்கும் ஒரு நாற்காலி என்று ஆல்பர்ட் அறிவித்தான். ஹால் கொள்வது அறுபது நாற்காலிதான். அதில் ஒன்று தனக்கு வேண்டும், தன் பெயரில் வேண்டும் என்று ரோசம்மாள் முடிவு கட்டினாள். அப்பன் எழுதி வைத்த தோட்டத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு ஆசைப்பட்ட பொருள் வேறெதுவும் இல்லை.

கமிட்டி அங்கேதான் ஊர்ப் புத்தியைக் காட்டியது. தேர் இழுப்பதானாலும் தண்ணீருக்குப் போர் போடுவதானாலும் இந்த ஊரில் வரி பிரிப்பது தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. விதவை அரை. கல்யாணமாகாத பெண் எவ்வளவு வயதானாலும் கணக்கில் இல்லை, அப்பனோ அண்ணனோ யாரோ ஒருவர் தலைக்கட்டில் அடக்கம். நாலு வயலினுக்கும் அதே கணக்கை வைத்தார்கள். முழுத் தலைக்கட்டுக்கு ஒரு நாற்காலி, இரண்டு அரை சேர்ந்தால் ஒரு நாற்காலி, மாறி மாறி வந்து கேட்டுக்கொள்ள வேண்டியது. தேனியிலிருந்து ஆசையாகக் காரில் வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம் நீங்கள் எந்தத் தலைக்கட்டு என்று கேட்டார்கள். அவர் வந்த வழியே காரைத் திருப்பிக்கொண்டு போனார். ஆல்பர்ட் தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் ஹால் சாவி சாரிடம் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் தாழ்வாரத்தில் மேசை போட்டுச் சந்தா வாங்கினார்கள். ரோசம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தலைவர் என்று ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதே தெரியாதவள்போல ஆல்பர்ட்டிடம் தனக்கு ஒரு நாற்காலி எழுதச் சொன்னாள். ஆல்பர்ட் சாரைப் பார்த்தான். சார் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, அது தன் தலைக்கட்டில் அடக்கம் என்றார். மகன் பெயரிலும் ஒரு நாற்காலி வாங்கியிருப்பதாகவும், அவன் துபாயில் இருப்பதால் அது சும்மாதான் கிடக்கும் என்றும் சொன்னார்.

“அது வந்து எங்கிட்ட வாயைத் தெறந்து கேக்கட்டும். குடுக்குறேன்” என்றார்.

இருபத்து நான்கு வருடமாக இந்த ஒரு நாளுக்குத்தான் அவர் காத்திருந்தார். தங்கச்சி வந்து கையேந்த வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். ரோசம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. போகவில்லை.

“அப்ப அரை எழுது ஆல்பர்ட்டு. நான் விதவை” என்றாள்.

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“மூணு ஓலையும் இந்தக் கோயில்லதான் வாசிச்சாக. தடைன்னு ஒருத்தரும் எந்திரிச்சுச் சொல்லல. அவுக செத்து மூணு வருசமாச்சு. எனக்கு வேற ஆள் கெடையாது. அப்ப நான் யாரு?”

ஓலை வாசித்தால் மட்டும் அது கல்யாணம் ஆகிவிடாது என்று கமிட்டியில் ஒருவர் முனகினார். கல்யாணமே நடக்கவில்லை என்று சாரும் கோபுரத்திடம் சொன்னார்.

“ஏன் நடக்கலன்னு சாரச் சொல்லச் சொல்லு. இத்தனை பேரு இருக்காக. சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போயிர்றேன்.”

புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். சாருடைய மனைவி முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சொன்னால் பொய் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் அவள் விதவை. கடைசியில், எழுதித் தொலையுங்கள் என்று எழுந்துபோனார்.

சேர்த்து எழுதுவதற்கு இன்னொரு அரை வேண்டுமே. ஊரில் சந்தா கட்டிவிட்டு ஜோடி கிடைக்காமல் காத்திருந்தது ஒரே ஒரு விதவைதான். இஞ்ஞாசிமுத்துவை நிஜமாகவே கட்டி, நிஜமாகவே இழந்த அனிதா மேரி.

அவள் மறுநாள் உச்சி வெயிலில் கீழ்த்தோட்டத்துக்கு வந்தாள். ரோசம்மாள் கொடி கட்டுகிற கையை நிறுத்தவில்லை, வா என்றும் சொல்லவில்லை. என் புருசனைப் பங்கு போட உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று தொடங்கி, அனிதா மேரி தான் கொண்டுவந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். ரோசம்மாளும் சளைக்கவில்லை. ஒரு பொய்யைக் கேட்டதும் வால் சுருட்டிய ஆளுக்குப் பங்கு வேறு கேடா என்றாள். பந்தலுக்கு அடியில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

“எங்கூட இருபத்தோரு வருசம் இருந்தாக” என்றாள் அனிதா மேரி. “ஒரு நாளும் உம் பேச்ச எடுக்கல. எடுத்திருந்தா சண்டை போட்டு அன்னைக்கே முடிச்சிருப்பேன். எடுக்காம இருந்தாக பாரு, அதுதான் என்னால தாங்க முடியல.”

ரோசம்மாள் கட்டிக்கொண்டிருந்த கொடியை விட்டுவிட்டு, நிழலில் இருந்த தண்ணீர்க் குடத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அனிதா மேரிக்கும் நாற்காலி வேண்டும். தனி அரைக்கு நாற்காலி கிடையாது. போகும்போது, சேர்த்து எழுதியதால் நமக்குள் உறவு வந்துவிட்டதாக நினைக்காதே என்றாள். முதல் கச்சேரிக்கு நீ போ, உன் அண்ணன் மூஞ்சியை முதல் நாளே பார்க்க எனக்குப் பிரியமில்லை என்றும் சொன்னாள்.

தை மாதக் கச்சேரியன்று ரோசம்மாள் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது வரிசையில் அவள் நாற்காலி. முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் ‘இஞ்ஞாசிமுத்து’ என்று இருந்தது. விதவையின் அரையை ஊர் எழுதுவது செத்த புருசன் பெயரில். இரண்டு அரையும் ஒருவனுடையதாகப் போனதால் செத்தவன் மறுபடி முழுத் தலைக்கட்டாகி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு சண்டை போட்டும் தன் பெயர் எங்கேயும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்வரிசையிலிருந்து சார் திரும்பிப் பார்த்தார். இதை அவர் அன்றைக்கே யோசித்துவிட்டுத்தான் எழுந்துபோயிருக்கிறார்.

அதோடு விடவில்லை. ஊர்க் கூட்டத்தில் செய்வதுபோல, தலைக்கட்டுகளின் பெயரை வாசித்துவிட்டுத் தொடங்கலாம் என்று எழுந்து நின்றார். வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் இருக்கேன் என்றார்கள். வயலின்காரர்கள் நான்கு பேரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு என்ன நடக்கிறதென்று புரியாமல் காத்திருந்தார்கள்.

“இஞ்ஞாசிமுத்து.”

ரோசம்மாள் எழுந்தாள். “அவுக செத்துப்போனாக. ரோசம்மாள் இருக்கேன்” என்றாள்.

சார் காதில் விழாததுபோல இஞ்ஞாசிமுத்து என்று மறுபடி வாசித்தார். அவள் உட்காரவில்லை. பின்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆல்பர்ட் வந்து குனிந்து, ரோசம்மாள் அத்தை பெயரைச் சொல்லிவிடுங்கள் சார், தொடங்க வேண்டும் என்று கெஞ்சினான். எழுதியிருக்கிற பெயரைத்தான் வாசிக்க முடியும் என்றார் சார். அவள் நிற்பதாக இருந்தால் நிற்கட்டும், கச்சேரி நடக்கும் என்றார்.

ரோசம்மாள் இருபத்து நான்கு வருடத்தில் முதல்முறையாக அண்ணனிடம் நேராகப் பேசினாள்.

“இழுப்பு வர்றவ எம்புட்டு நேரம் நிக்கிறான்னு பாத்துட்டு, பெறகு படி.”

ஊரில் எல்லோருக்கும் தெரிந்து ஒருவரும் சொல்லாத சொல். கோட்டயத்துப் பெண் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாருடைய மனைவி தரையைப் பார்த்தாள். அறுபது நாற்காலியிலிருந்து ஒருவர்கூட உட்காரம்மா என்று சொல்லவில்லை. சார் அதற்காகத்தான் காத்திருந்தார், அது வரவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“ரோசம்மாள்” என்றார், தாளைப் பார்த்து, உதட்டுக்குள்.

“கேக்கல.”

“ரோசம்மாள்.”

“அங்கன கடைசி வரிசைக்குக் கேக்கல.”

அவர் கழுத்து நரம்பு புடைக்க, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் அந்தப் பெயரைக் கத்தினார். ஓட்டுக் கூரையில் பட்டு அது திரும்பி வந்தது.

“இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ரோசம்மாள் உட்கார்ந்தாள்.

நான்கு பேரும் வாசிக்கத் தொடங்கினார்கள். நெஞ்சு அடித்த அடியில் அவள் காதில் ஒன்றும் விழவில்லை. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. மாசிக் கச்சேரி அனிதா மேரிக்கு, பங்குனி தனக்கு. பாட்டை அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று அண்ணனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.