ட்ரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் தயங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொன்னால்தான் மனசு ஆறும்.

வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்கு, படுக்கையும் அடுப்பும் வைத்த ட்ரெய்லரை ஜீப்பில் மாட்டிக்கொண்டு போவோம். என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனால் ட்ரெய்லர் மாட்டினால் நான்தான் ஓட்டுவேன். ரிவர்ஸ் எடுக்கும்போது அவள் பின்னால் நின்று கை காட்டுவாள்.

அந்த வருஷம் ஆண்டர்சன்பேட்டையில் ஃபாதரிடம் வண்டியை மந்திரித்துக்கொண்டு, குறுக்கு வழி என்று மைசூர் மைன்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் நுழைந்தேன். சந்து மதிலில் முடிந்தது. ஸ்டெல்லாவை இறக்கிவிடாமலே ரிவர்ஸ் எடுக்க எடுக்க, ட்ரெய்லர் ஜீப்புக்குக் குறுக்கே மடங்கியது. இரண்டு பக்கமும் சுவர்; ஜீப் கதவைத் திறக்க முடியவில்லை. ஜெபமாலையை எடுத்தேன்.

"இன்னாங்க, மாதாவா வந்து ரிவர்ஸ் எடுப்பாங்க? நீங்க பின்னாடி போங்க, நான் எடுக்கிறேன்" என்றாள் ஸ்டெல்லா.

ஜீப்பின் பின்பக்கமாக இறங்கி, ட்ரெய்லர் ஓரமாக நுழைந்து நின்றேன். அவள் எடுத்ததும் ட்ரெய்லர் என் பக்கம் திரும்பி, என்னைச் சுவரோடு அழுத்த வந்தது. நகர இடமில்லை. "ஸ்டெல்லா" என்று கத்தினேன். அந்த ஒரு சத்தத்துக்கே வண்டி நின்றுவிட்டது.

பின்னால் நின்று அவள் கத்தினால் நான் நிறுத்தியதில்லை. "கத்தாதே, எனக்குத் தெரியும்" என்று இன்னும் ஒரு அடி எடுப்பேன்.

அவள் வண்டியைச் சந்திலிருந்து வெளியே எடுத்ததும் கேட்டேன், "இத்தனை வருஷம் உனக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சு. சொன்னா கேப்பீங்களா?"

அன்று பாதி வழி அவள் ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

இதை யாருக்காவது சொல்வதானால், என் தப்பைக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.