காரணத்தை எழுதிக் கொடுங்க டீச்சர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, புதுத் தவணை தொடங்கிய வாரத்தில் நடந்தது இது. மலையகத்தில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அரசாங்கப் பாடசாலையில் நான் குடியுரிமைக் கல்வி ஆசிரியை. மாணவத் தலைவர்களுக்கும் நான்தான் பொறுப்பு. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் இந்துக்கள், நானும்தான். காலைக் கூட்டத்தில் தலைமை மாணவி குத்துவிளக்கேற்றி, தேவாரத்துக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பாள். யார் போட்ட சட்டமோ தெரியாது, நான் அங்கே படித்த காலத்திலும் அப்படித்தான்.

அந்த வருடம் பிள்ளைகள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது ஒரு கிறிஸ்தவப் பிள்ளையை. அம்மா கொழுந்து பறிப்பவர். தொழிலாளர் லயத்தில் அவர்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம் நடக்கும். தலைமை மாணவிச் சின்னம் சூட்டிய மறுநாளே அவள் என்னிடம் வந்தாள்.

“டீச்சர், எல்லா வேலையும் செய்றேன். வெளக்கு ஏத்துறதும் தேவாரமும் மட்டும் வேற யாருக்காவது குடுங்க. எங்க வீட்டுல அந்த வழக்கம் இல்லைங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஒரு வெளக்கு ஏத்துனா ஒன் சாமி கோவிச்சுக்குமா?” என்று கேட்டேன். இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும் கேள்வி. முடியாதென்றால் சின்னத்தைக் கழற்றிவிடு என்றேன். பயந்து வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கழற்றி மேசையில் வைத்தாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

“எடுத்துக்கங்க டீச்சர். ஆனா எதுக்கு எடுத்தீங்கனு எழுதிக் குடுங்க. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு அம்மா நெனைச்சுக்குவாங்க.”

இதென்ன பெரிய காரியம் என்று தாளை எடுத்து, ‘தங்கள் மகள்’ என்று தொடங்கினேன். ஒழுங்கீனம் என்று எழுதலாமா? ஒருநாள்கூடப் பிந்தி வராதவள். பணிவில்லை என்றா? எதிரே கைகட்டி நிற்கிறாள். உண்மையை எழுதுவதென்றால், எங்கள் முறைப்படி கும்பிட மறுத்ததால் பதவியைப் பறிக்கிறேன் என்று எழுதிக் கையொப்பம் போட வேண்டும். மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் எல்லோருக்கும் சுதந்திரம் உண்டு என்று நம் அரசியலமைப்பு சொல்வதை, போன தவணையில் இதே பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவளும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நானேதான்.

தாளைக் கிழித்துப் போட்டேன். சின்னத்தை நானே அவள் சீருடையில் குத்திவிட்டு, மன்னித்துக்கொள் என்றேன்.

அத்தோடு முடியவில்லை. விளக்கையும் தேவாரத்தையும் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, மற்றப் பெற்றோர் சும்மா இருக்கமாட்டார்கள் என்று பாடசாலை அதிபர் தயங்கினார். அவர் சொன்னபடியே தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் பாடசாலைக்கே வந்துவிட்டார். “நம்ம ஆளா இருந்துகிட்டு நீங்களே இப்படிச் செய்யலாமாங்க?” என்றார்.

“டவுன் ஸ்கூல்ல நம்ம புள்ளைகிட்ட திருநீற அழிச்சிட்டு வானு சொன்னா நீங்க சும்மா விடுவீங்களா? அதே நியாயந்தாங்க இதுவும். நான் மாத்த மாட்டேன்” என்றேன்.

முனகிக்கொண்டே போனார். மனம் மாறிப் போனார் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அதிபர் என் பக்கம் வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை வேறொரு பிள்ளை ஆசையோடு விளக்கேற்றினாள். தலைமை மாணவி முன்வரிசையில் அமைதியாக நிமிர்ந்து நின்றாள். தேவாரம் எப்போதும் போலவே ஒலித்தது, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்றும் ஒரு பிள்ளையைத் தண்டிக்கக் கை ஓங்கும்போதெல்லாம், அதன் காரணத்தை அவள் தாய் படிக்கும்படி எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் தப்பு பிள்ளையுடையதல்ல, என்னுடையது.