பொற்கொடி டீச்சர் பேசாத நேரம்

சுப்புத்தாய்க்குப் பொழுது விடிவது ஜீப்பு ஹாரனில்தான். போடியில் சேவல் கூவுவதற்கு முன்னால் ஜீப்பு கூவிவிடும். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் கொங்காணியுமாக ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ள வேண்டும். முந்தல் தாண்டி, மலை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார்கள். ஏலக்காய் இருக்கிறதே, அது செடியின் தூரில் தரையோடு தரையாகக் காய்க்கிற சாமான். நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். தேங்காய் மாதிரி மேலே காய்த்திருந்தால் கழுத்தாவது நிமிர்ந்திருக்கும். படைத்தவனுக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. பொழுது சாய வீடு திரும்பும்போது இடுப்பு இருக்கிற இடமே தெரியாது.

புருஷன் லிங்கேஸ்வரன் சீசன் முழுக்க மலை மேலேயே தங்கிவிடுவான். அங்கே காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புப் பார்ப்பது அவன் சோலி. ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கி, எழுந்து திரும்பப் போவான். அவனைக் குற்றம் சொல்லவும் அவளுக்குத் தெம்பில்லை.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, இனியவன். நாலு வயசு ஆகப்போகிறது. பகலெல்லாம் பக்கத்து வீட்டில், லிங்கேஸ்வரனின் அக்கா காளீஸ்வரியிடம் இருப்பான். காளீஸ்வரி ரவிக்கை தைக்கிறவள். மிஷின் ஓட வேண்டுமென்றால் பையன் ஓடக் கூடாது. அதற்காகக் காலையில் போட்ட டிவியைச் சாயங்காலம்தான் அணைப்பாள். டிவியைக் குறை சொல்கிற புண்ணியவான்கள் யாராவது ஒரு துறுதுறுத்த பையனையும் ஒரு தையல் மிஷினையும் ஒரே அறையில் வைத்து ஒரு நாள் சமாளித்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

இனியவன் பேசாத பிள்ளை என்று சொன்னால் தெருவே சிரிக்கும். பேசுவான். "நண்பர்களே, விரைந்து வாருங்கள்! ஆபத்து நெருங்கிவிட்டது!" என்பான். சோற்றுத் தட்டைக் கண்டால் "ஆகா, என்ன அற்புதமான உணவு!" என்பான். எல்லாம் டிவியில் வருகிற ஒரு நீலக் கரடியின் பேச்சு. எங்கேயோ எடுத்த படத்துக்கு எங்கேயோ உட்கார்ந்து தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறார்கள். தெருவில் அவனுக்கு 'மேடைப் பேச்சாளர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். முதலில் சுப்புத்தாய்க்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அவள் கவனித்தாள். அவன் பேசுவது யாரிடமும் இல்லை. சுவரிடம் பேசுகிற மாதிரி பேசுகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. "பசிக்குதாடா?" என்று கேட்டால், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். டிவிக்காரன் அடுத்து என்ன செய்வான் என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. பதில் வராது. ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, அவன் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டது இல்லை. பெற்ற வயிற்றுக்கு அது எப்படி இருக்கும்?

தேனியில் டாக்டரிடம் கொண்டு காட்டினாள். அவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கை தட்டிப் பார்த்தார்.

"காதெல்லாம் நல்லாக் கேக்குதும்மா. பிள்ளைகிட்ட உக்காந்து பேசுங்க. அவன் பதில் சொல்ல நேரம் குடுங்க" என்றார்.

நேரமாம், நேரம்! மருந்துக் கடையில் விற்கிற சாமான் என்றால் தாலியை விற்றாவது வாங்கிவிடுவாள். ஜீப்பிலிருந்து இறங்கி, உலை வைத்து, துணி அலசி, சுவரில் சாய்ந்தால் கண் தானாகச் சொக்கிவிடுகிறது. பிள்ளை ஒரு பக்கம் டிவி பார்ப்பான், தாய் ஒரு பக்கம் தூங்கி வழிவாள். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது அவர்கள் குடும்பம்.

அந்த ஆனி மாதம் சுருளிவேல் ஒரு காரியம் செய்தார். சுருளிவேல் அந்தப் பகுதிக்குக் கேபிள் கொடுக்கிறவர். சொந்தமாக ஒரு உள்ளூர் சேனலும் உண்டு. காதுகுத்து, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான் வரும். சாயங்காலம் கால் மணி நேரம் சும்மா கிடக்கிறதே என்று, ராசிங்காபுரத்தில் பால்வாடி நடத்தின பொற்கொடி டீச்சரைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யச் சொன்னார். பின்னால் ஒரு நீலச் சேலையைத் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவ்வளவுதான் செட்டு.

முதல் நாள் டீச்சர் ஒரு கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன?" என்று கேட்டார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார். நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். போடியில் மழைக்காலத்தில் மலையிலிருந்து சாரல் இறங்கினால் கேபிள் போகும். படம் நிற்கும், சத்தம் நிற்கும், இரண்டும் சேர்ந்து நிற்கும். டிவி அமைதியானால் கேபிள் போச்சு என்றுதான் சனத்துக்கு அர்த்தம். உடனே பெட்டியில் ரெண்டு தட்டு, சுருளிவேலுக்கு ஒரு போன். மாமன் மச்சான் நம்பர் தெரியாதவர்களுக்கும் அவர் நம்பர் மனப்பாடம்.

சுப்புத்தாயும் எழுந்து போய்ப் பெட்டியைத் தட்டினாள். "மதினீ! உங்க வீட்டுல சத்தம் வருதா?" என்று சுவர் வழியாகக் கத்தினாள்.

"இங்கயும் வரலடி! கத்திரிக்காயைக் கையில வெச்சுக்கிட்டு அந்தப் பொம்பளை முழிச்சுக்கிட்டு இருக்கு!" என்றாள் காளீஸ்வரி.

"சுருளி அண்ணனுக்குப் போனைப் போடுங்க, வெரசா!"

காளீஸ்வரி போனைப் போட்டுவிட்டாள். அதற்குள் டீச்சர், "ஆமா, கத்திரிக்கா! சரியாச் சொல்லிட்டீங்களே!" என்று சிரித்தார். யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று சுப்புத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. தினமும் இதே கூத்து. சீப்பு, செருப்பு, கரண்டி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவதும், கேட்பதும், கேட்டுவிட்டு மௌன விரதம் இருப்பதும். இனியவன் அசையாமல் பார்ப்பான். நீலக் கரடியைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தான்.

ஒரு நாள் மெட்டில் மூடுபனி. ஜீப்பு ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது. வீட்டுக்கு வந்தவள் டீத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்துக்குப் போய்விட்டாள். டிவியில் டீச்சர் ஒரு பச்சை ஏலக்காயைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம்போல் சும்மா இருந்தார்.

தூக்கக் கலக்கத்தில் தன்னைத்தான் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் சுப்புத்தாய். ராத்திரிக்குத் துவையல் அரைக்க வேண்டுமே என்ற நினைப்பு வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"பச்ச மொளகா" என்றாள்.

இனியவன் திரும்பினான். டிவியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். டிவி தானே கேட்டுத் தானே பேசுகிற பெட்டி. ஆனால் இந்த வீட்டில் இன்னொரு ஆள் அதற்குப் பதில் சொல்கிறது, அதுவும் தப்பாகச் சொல்கிறது! அவன் புருவம் சுருங்கியது.

"இல்ல" என்றான். "ஏலக்கா."

சுப்புத்தாய் கையிலிருந்த டீ மடியில் கொட்டியது. சூடு உறைக்கக்கூட இல்லை. நீலக் கரடி ஒரு நாளும் சொல்லாத வார்த்தை அது. அவளும் காளீஸ்வரியும் பேசுகிற பேச்சு, அவர்கள் சொல்கிற 'ஏலக்கா'!

"என்னடா சொன்ன? இன்னொருக்கச் சொல்லு சாமி!"

அதற்குள் அவன் டிவிப் பக்கம் திரும்பிவிட்டான். ஆனாலும் அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. மறுநாள் டீச்சர் செருப்பைக் காட்டியதும் "தோசை" என்றாள். இனியவன் கெக்கலித்துச் சிரித்து, "செருப்பு!" என்றான். அதற்கு மறுநாள் சீப்பை 'மீனு' என்றாள். கரண்டியை 'யானை' என்றாள். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி கிடக்கும்; பொய் சொல்ல வாய் மட்டும் விழித்திருக்கும். பத்து வார்த்தை பேச முடியாதவளுக்கு ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல முடியாதா என்ன?

யோசித்தால் விஷயம் இவ்வளவுதான். அந்த நீலக் கரடி தானே கேட்கும், தானே பதில் சொல்லும், தானே குதித்துத் தானே கை தட்டிக்கொள்ளும். பார்க்கிற பிள்ளைக்கு அதில் ஒரு சோலியும் இல்லை, வாயைப் பிளந்துகொண்டு இருப்பதைத் தவிர. பொற்கொடி டீச்சர் பிள்ளைக்கு ஒரு சோலி வைத்தார். அந்தச் சோலியை முடிக்க நேரமும் விட்டார். டாக்டர் சொன்ன நேரம் டிவியில் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் இந்தச் சனம் கேபிள் போச்சு என்று தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரமே வந்தது இடி. டீச்சர் தக்காளியைத் தூக்கி "இது என்ன?" என்றார். இனியவன் தாயைப் பார்த்துத் திரும்பினான். அவள் பொய் சொல்ல வாயெடுத்தாள். டமார் என்று மேளச் சத்தம். "ஆடித் தள்ளுபடி! ஆடித் தள்ளுபடி! வாங்க வாங்க!" ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம். அது முடிந்ததும் டீச்சர், "ஆமா, தக்காளி!" என்று சிரித்தார். இனியவன் வாயை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் மேளம். இரண்டே நாளில் பையன் பழைய மாதிரி ஆகிவிட்டான். "ஆடித் தள்ளுபடி! வாங்க வாங்க!" என்று சுவரிடம் சொன்னான். சுப்புத்தாய் அடுப்படியில் போய் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

சனிக்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. சேறு காயாத காலோடு நேரே கேபிள் ஆபீஸ் மாடிக்கு ஏறினாள்.

"அண்ணே, டீச்சர் சும்மா இருக்குற நேரத்துல எதுக்கு மேளத்தை அடிக்கிறீங்க?"

சுருளிவேலும் சோர்ந்துபோய்த்தான் இருந்தார். "யம்மா தாயி, டீச்சரும் காலையில வந்து சண்டை போட்டுட்டுப் போயிருச்சு. நான் என்ன செய்ய? சவுண்டு வரல, சவுண்டு வரலன்னு போனு எடுத்து எடுத்துக் காது புண்ணாப் போச்சு. இப்ப வெளம்பரம் ஓடுது, சனம் நிம்மதியா இருக்கு."

"என் மகன் அந்த நேரத்துலதேன் பேசுனான்ணே. இப்பப் பேச மாட்டேங்கிறான்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மொத நாளு மொத போனே உங்க தெருவுலருந்துதேன் வந்துச்சு. உங்க மதினி பேசுனாங்க. எங்க வீட்டுலயும் வரல, சுப்புத்தாயி வீட்டுலயும் வரலன்னு சொன்னாங்க" என்றார்.

தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பது சும்மாவா?

"இப்ப நான்தேன் சொல்றேன்ல, சவுண்டு வராட்டிப் பரவால்லன்னு" என்றாள் ஈனக்குரலில்.

"நீ ஒருத்தி சொல்ற. தெருவு சொல்லுமா?"

தெரு சொல்லாது. அவளுக்கே தெரியும். படியிறங்கினாள்.

அன்றைக்கு டீச்சர் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டாள். கேள்வி வந்ததும் சத்தத்தை அமுக்கினாள். மேளம் நின்றது. ஆனால் சேலை கட்டின பெண்கள் திரையில் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். பையன் அவர்களைத்தான் பார்த்தான். இரண்டு தரம் அமுக்கினாள். மூன்றாம் தரம் கை ஓயவில்லை, கண் ஓய்ந்துவிட்டது. ரிமோட்டைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள்.

கையிலிருந்து ரிமோட்டை யாரோ பிடுங்கினார்கள். டிவி அணைந்தது.

அரைக்கண்ணைத் திறந்தாள். அணைந்த டிவிக்கு முன்னால் முட்டுப்பலகையை இழுத்துப் போட்டு இனியவன் உட்கார்ந்திருந்தான். பொற்கொடி டீச்சர் உட்காருகிற மாதிரியே, முதுகு நிமிர்த்தி, நேரே அவளைப் பார்த்துக்கொண்டு. அவள் சேலை மடிப்பிலிருந்து உதிர்ந்த பச்சை ஏலக்காய் ஒன்று அவன் விரலில் இருந்தது.

"இது என்ன?" என்றான்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். அவள் இமை திரும்ப இறங்கியது. எவ்வளவு நேரம் இருந்தானோ, அவசரப்படவே இல்லை. அப்புறம் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தட்டினான்.

"யம்மா, சொல்லு."

சுப்புத்தாய்க்கு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் டீச்சர் காத்திருக்கிறாரே.

"பச்ச மொளகா" என்றாள்.

"இல்லம்மா!" என்று குதித்தான் அவன். அடுத்த சாமான் எடுக்க அடுப்படிக்கு ஓடினான். இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. இன்றைக்குத் தூங்க விடமாட்டான் என்று தெரிந்துபோயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காளீஸ்வரி கத்தினாள். "ஏய் சுப்புத்தாயி! உங்க வீட்டுல சத்தமே காணோமே, கேபிளு போயிருச்சா?"

"ஆமா மதினி, போயிருச்சு" என்றாள் சுப்புத்தாய். "சுருளி அண்ணனுக்குப் போனு கீனு போட்டுறாதீங்க."